முப்பிரிக் கையேடு

பிலவேந்திரன் வீட்டில் மறைக்கல்வி என்னும் வேதபாடம் தினமும் காலை ஆறு பதினைந்துக்குத் தொடங்கி ஆறு இருபத்தாறுக்கு முடிந்தது. அதை அவன் ஒருநாளும் மறைக்கல்வி என்று நினைத்ததில்லை. மகளுக்குச் சடை பின்னுகிறோம் என்றுதான் நினைத்திருந்தான். அது மறைக்கல்விதான் என்பதையும், சரியாகப் பதினொரு நிமிடம் நடக்கிறது என்பதையும், அதில் ஆறு பிழைகள் இருக்கின்றன என்பதையும் பிற்பாடு பங்குக் கோயில்காரர்கள்தான் அவனுக்குத் தெரிவித்தார்கள்.

அவன் மனைவி அன்புச்செல்வி வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. காலை ஷிப்டு ஆறு மணிக்கு. அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போக வேண்டும் என்பதால் ஐந்தேகாலுக்கே கிளம்பிவிடுவாள். பிலவேந்திரன் லைன்மேன். அவனுக்கு எட்டு மணிக்குத்தான் வேலை. ஆகவே மூன்று வருடமாக, ஒன்பது வயது ஜெசிந்தாவின் தலை அவன் பொறுப்பில் இருந்தது. மின்கம்பத்தில் ஏறிக் கம்பி முறுக்கிய கை என்பதால் ஆரம்பத்தில் சடையும் கம்பி மாதிரியே விறைத்து நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை ஆன்டெனா என்றார்கள். போகப் போகக் கை பழகிக்கொண்டது.

வலது சடை செபத்துக்கு. பரலோகத்தில் இருக்கிற, அருள் நிறைந்த, விசுவாசப் பிரமாணம். இடது சடை கேள்விக்கு. அந்த நேரத்தில் அவள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

"ஆதாமுக்குத் தொப்புள் இருந்திச்சாப்பா?"

"தெர்லயே கண்ணு."

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவனுக்குக் கூச்சம் இல்லை. தெரியாமலே 'லைன்ல கரெண்டு இல்ல' என்று சொன்னவன் எவனும் எங்கள் வேலையில் உயிரோடு இல்லை என்பான்.

ஆடி மாதத்தில் ஒரு காலை ஜெசிந்தா கேட்டாள். "பிதா ஒரு ஆளு, சுதன் ஒரு ஆளு, ஆவி ஒரு ஆளு. அப்ப மூணு சாமிதானேப்பா? ஒண்ணுன்னு சொல்றாங்க?"

பிலவேந்திரன் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தான். அப்போது கையில் இருந்த கூந்தலைப் பார்த்தான்.

"இப்ப என் கையில எத்தினி பிரி இருக்குது?"

"மூணு."

அவன் பின்னி முடித்து, சடையை அவள் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டான். "இது எத்தினி?"

அவள் சடையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒண்ணு. ஆனா உள்ள மூணும் இருக்குது."

"அவ்ளோதான்."

"அப்ப ரிப்பன் யாருப்பா?"

"ரிப்பனா? அது தெர்ல. யோசிச்சுச் சொல்றேன்" என்றான்.

வேலைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தான். இரண்டு நாள் யோசித்தான். விடை கிடைக்கவில்லை. மறந்துவிட்டான்.

*

பங்குக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒன்பதிலிருந்து பத்தரை வரை வகுப்பு. அந்த வருடத்திலிருந்து அது பங்கேற்பு முறைக்கு மாற்றப்பட்டிருந்தது. பங்கேற்பு முறையில் ஆசிரியர் பாடம் நடத்தக் கூடாது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, தங்களுக்கு முன்பே தெரிந்ததை ஒருவரிடமிருந்து ஒருவர் கண்டடைய வேண்டும். யாருக்கும் எதுவும் தெரியாத நாட்களில் கைதட்டல் பயிற்சி நடந்தது. கைதட்டலில் மூன்று வகை: மழைத் தட்டல், மத்தளத் தட்டல், மகிமைத் தட்டல். ஜெசிந்தா மூன்றிலும் தேறியிருந்தாள்.

வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்கு மே மாதம் புதுநன்மை. வெள்ளை உடுப்பு, தலையில் பூ முடி, கையில் மெழுகுவர்த்தி, முதன்முதலாக நாக்கில் அப்பம். ஜெசிந்தா இரண்டு வருடமாக இதற்காகவே காத்திருந்தாள். பூசையில் அப்பா அப்பம் வாங்க எழுந்து போகும்போது பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லையே. ஆனால் மூன்று வகுப்புக்கு மேல் தவறினால் புதுநன்மை கிடையாது.

இங்கேதான் பௌர்ணமி வந்து குறுக்கே நின்றது. அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கிறது. பௌர்ணமி என்றால் முதல் நாளே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். பாதையில் உள்ள டிரான்ஸ்பார்மர் ஒன்றின் கீழே பிலவேந்திரன் இரண்டு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்புச்செல்விக்கு ஞாயிறு விடுப்பு கிடையாது. லட்சம் பேர் மலையைச் சுற்றி ஒரே திசையில் நடந்துகொண்டிருக்க, ஒன்பது வயதுப் பெண்ணை எதிர்த்திசையில் தனியாகக் கோயிலுக்கு அனுப்ப முடியுமா?

வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளைக்கு இரண்டு காரணங்களுக்கு மட்டும் கட்டம் இருந்தது. ஒன்று நோய், மற்றது குடும்பத்தில் சாவு. பௌர்ணமிக்குக் கட்டம் இல்லை. வகுப்பு ஆசிரியை வினோதினி இரக்கப்பட்டு நோய் என்று எழுதினாள். மறு ஞாயிறு பூசையில், நெடுநாளாக நோயுற்றிருக்கும் சிறுமி ஜெசிந்தாவுக்காக மன்றாடுவோம் என்று வாசித்தார்கள். ஜெசிந்தாவும் எழுந்து நின்று மன்றாடினாள். இரண்டு பேர் வீட்டுக்கு ஆப்பிள் கொண்டுவந்தார்கள்.

"எனக்கு என்னாப்பா நோவு?" என்று கேட்டாள்.

"பௌர்ணமி" என்றாள் அன்புச்செல்வி.

அந்த ஆவணி மாதத்தில் ஒரு வகுப்பில் மூவொரு கடவுளைக் கண்டடையச் சொன்னார்கள். வட்டம் அரைமணி நேரம் கண்டடைய முயன்றது. ஒரு பையன் திரிசூலம் என்றான். வினோதினி அவசரமாக அடுத்த பிள்ளைக்குத் தாவினாள். ஜெசிந்தா தன் சடையைப் பிடித்துக் காட்டிச் சொன்னாள். வினோதினி ஓடிப்போய் மரியசூசையைக் கூட்டிவந்தாள். ஜெசிந்தா மறுபடி சொன்னாள்.

*

மரியசூசை மறைக்கல்வி ஒருங்கிணைப்பாளர். ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். எல்லாவற்றையும்விட, ஜெசிந்தாவின் ஞானத்தகப்பன். திருமுழுக்கின்போது குழந்தையைக் கையில் ஏந்தி, இவளை விசுவாசத்தில் வளர்ப்பேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னவர் அவர்தான். பிலவேந்திரன் அவரை அண்ணா என்பான். ஜெசிந்தாவுக்குப் பெரியப்பா. கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து கேக் வரும். இவர்கள் வீட்டிலிருந்து அதிரசம் போகும்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, பாப்பா சொன்னத கேட்டு எனக்கு அழுகையே வந்திடுச்சிப்பா. எங்க, ஒரு வாட்டி பின்னிக் காட்டு."

பிலவேந்திரனுக்கு வெட்கமாக இருந்தது. "என்னாண்ணா, இதப் போயி..."

"அட, காட்டு தம்பி."

ஜெசிந்தா மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் வலது சடை பின்னினான். அவள் செபம் சொன்னாள். இடது சடை பின்னினான். அவள் கேள்வி கேட்டாள். மரியசூசை கைப்பேசியில் படம் பிடித்தார். கிட்டே வந்து விரல்களை மட்டும் பிடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பதினோரு நிமிஷம்" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். பிறகு அன்புச்செல்வி கொடுத்த டீயைக் குடித்தார்.

"ஆப்சென்ட் பத்தி நீ கவலப்படாத. வீட்லயே இவ்ளோ நடக்குது. வராத நாளெல்லாம் வீட்டு வகுப்புன்னு போட்டுக்கலாம். நான் பாத்துக்கறேன். என் ஞானப்பொண்ணு இல்லாம புதுநன்மையா?"

அவர் போன பிறகு பிலவேந்திரன் வெகுநேரம் வாசலிலேயே நின்றான். தான் செய்த ஒரு காரியத்தைப் பார்த்து இன்னொரு மனிதர் கண் கலங்குவது அவன் வாழ்க்கையில் நடந்ததில்லை. கரெண்டு வந்தால் யாரும் லைன்மேனை நினைப்பதில்லை. போனால்தான் நினைப்பார்கள்.

"அதெல்லாம் சரி, வீடியோ எதுக்கு எடுத்தாரு?" என்றாள் அன்புச்செல்வி.

"ஞாபகத்துக்கு."

"அவுரு தலையில நாலு முடிதான் கீது. சட பின்றதை ஞாபகம் வச்சிகினு அவுரு இன்னா பண்ணப் போறாரு?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

*

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிவில் ஒரு கையேடு வெளியிடப்பட்டது. பெயர், 'முப்பிரி மறைக்கல்வி: ஒரு பங்கேற்பு நெறி'. ஆக்கம், மரியசூசை. அட்டையில் இரண்டு கைகள் ஒரு சடையைப் பின்னிக்கொண்டிருந்தன. வலது பெருவிரலில் பழைய மின்சாரத் தீக்காயம். மணிக்கட்டோடு படம் வெட்டப்பட்டிருந்தது. பிலவேந்திரன் தன் பெருவிரலைப் பார்த்தான். பிறகு அட்டையைப் பார்த்தான்.

பங்குத்தந்தை ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்புக்குரியவர்களே! ஒரு காலத்தில் குடும்பங்கள் தங்களுக்குத் தெரிந்தபடி பிள்ளைகளுக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுத்தன. அதனால் என்ன ஆயிற்று? பிள்ளைகள் விசுவாசிகள் ஆனார்கள். ஆனால் அதற்கு எந்தப் பதிவும் இல்லை! எத்தனை குடும்பம், எத்தனை நிமிடம், எந்த முறை? நம்மிடம் ஒரு புள்ளிவிவரம்கூடக் கிடையாது. இனி அந்த இருண்ட காலம் இல்லை."

மகிமைத் தட்டல் எழுந்தது.

கையேட்டில் பதினொரு படிகள் இருந்தன. பதினொரு நிமிடத்துக்குப் பதினொரு படி. முன்னுரையில் ஆயரின் மறைமாவட்ட ஆணையத்துக்கும், பங்குப் பேரவைக்கும், தெருவாரியான அன்பியக் குழுத் தலைவர்களுக்கும், அச்சகத்தாருக்கும், ஒலிபெருக்கி அமைத்தவருக்கும் நன்றி இருந்தது. கடைசி வரியில், 'முடி கொடுத்து உதவிய ஒரு சிறுமிக்கும்' என்று இருந்தது.

பிலவேந்திரன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். ஒன்பதாம் படியில் நின்றான். அங்கே, 'மூன்று பிரிகளையும் அவிழாமல் கட்டிக் காக்கும் ரிப்பன், பங்கு நிர்வாகத்தைக் குறிக்கும்' என்று இருந்தது.

"ப்பா, ரிப்பன் யாருன்னு போட்டுக்கீதுப்பா" என்று ஜெசிந்தா உற்சாகமாகச் சொன்னாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "அப்ப ஃபாதரு ரிப்பன கழட்டிட்டா சாமி அவுந்துடுவாரா?"

"மெதுவா பேசு."

அவன் மரியசூசையைக் கோயில் வாசலில் பிடித்தான். அவரைச் சுற்றி ஆட்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் ஓரமாகக் காத்திருந்தான். சண்டை போடுவதற்காக அல்ல. தன்னைக் கண்டதும் அவர் ஏதாவது சொல்வார் என்று நினைத்தான். ஒரு கண்ணசைவுகூடப் போதும். அவர் எல்லாரிடமும் சிரித்தது போலவே அவனிடமும் சிரித்தார்.

"அண்ணா... அந்தக் கை என்னுதுங்களா?"

"ஆமா தம்பி. எவ்ளோ அழகா வந்திருக்கு பாத்தியா?"

"இல்ல, எங்க வீட்ல பண்றதுன்னு ஒரு வரி..."

மரியசூசை அவன் தோளில் கைவைத்தார். "நாமெல்லாம் வெறும் கருவிங்க தம்பி. பேருக்கு ஆசப்படக் கூடாது."

"அட்டையில உங்க பேரு இருக்குதேண்ணா?"

"அது பேரு இல்ல தம்பி. பொறுப்பு."

பிலவேந்திரன் இதை வீட்டில் சொன்னபோது அன்புச்செல்வி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆப்சென்ட பாத்துக்கறேன்னாரே, அதக் கேட்டியா?" என்றாள்.

அவன் கேட்கவில்லை.

*

முப்பிரி நெறி எல்லாக் குடும்பங்களுக்கும் கட்டாயமானது. ஆண்பிள்ளைகளுக்குக் கோயிலிலிருந்து கருப்புக் கம்பளி நூலில் சடை வழங்கப்பட்டது. அதைக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். பெற்றோர் தினமும் காலை பதினொரு படிகளையும் முடித்து, ஆறரைக்குள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட வேண்டும். ஒரு வாரத்தில் குழுவில் சடைகள் குவிந்தன. தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதில் சடையை மாட்டிப் பின்னினார்கள். பேருந்தில் பின்னினார்கள். ஒரு வீட்டில் சடையைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிப் பின்னுவது படத்தின் ஓரத்தில் தெரிந்துவிட்டது. அதற்கு விளக்கம் கேட்கப்பட்டது. பிள்ளைகள் செபம் சொன்னார்களா என்று யாரும் கேட்கவில்லை. படத்தில் செபம் தெரியாது.

பிலவேந்திரன் படம் போடவில்லை. இரண்டு கையும் சடையில் இருக்கும்போது படத்தை எந்தக் கையால் எடுப்பது என்று அவனுக்குப் புரியவில்லை.

பெற்றோர் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. வராவிட்டால் பிள்ளைக்குப் புதுநன்மை இல்லை என்று அதில் இருந்ததால், விடுப்பு எடுத்துக்கொண்டு போனான். பங்கு மண்டபத்தில் நீள மேசையில் கம்பளி நூல் முடி வைத்த முப்பது பொம்மைத் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. ஆணையத்திலிருந்து தேவிப்ரியா என்ற பயிற்றுநர் வந்திருந்தார். அவனுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர் மொட்டையடித்த தன் மகனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "வேளாங்கண்ணில நேத்திக்கடன் குடுத்தேன் சார். இப்ப இங்க கேக்கறாங்க."

பிலவேந்திரன் ஒரு நிமிடத்தில் பின்னி முடித்தான். தேவிப்ரியா கையேட்டை விரித்துச் சரிபார்த்தார்.

"இதுல ஆறு தப்பு இருக்குங்க. பிதாப் பிரிய வலது பக்கமிருந்து எடுக்கணும். நீங்க நடுவுலேர்ந்து எடுத்தீங்க. ரெண்டாவது படியில நிறுத்தி, பிள்ளையப் பாத்துச் சிரிக்கணும். நீங்க சிரிக்கல."

"பின்னால நின்னு பின்றப்ப மூஞ்சி தெரியாதுங்களே?"

"கையேட்டுல சிரிக்கணும்னு இருக்கு."

"இந்த அட்டையில பின்றது என் கைதாங்க மேடம்" என்றான். சொன்னதும் மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவனுக்குக் காது சூடானது. "வேணும்னா பாருங்க. இந்தத் தழும்பு."

தேவிப்ரியா அட்டையைப் பார்த்தார். அவன் பெருவிரலைப் பார்த்தார். மூலையில் நின்ற மரியசூசையைப் பார்த்தார். மரியசூசை ஜன்னலைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"இருக்கட்டுங்க" என்றார் தேவிப்ரியா அன்பாக. "அப்ப நீங்க பயிற்சி இல்லாம பின்னியிருக்கீங்க. வீட்டுப் பழக்கத்த வாசல்லயே விட்டுட்டு வாங்க. முதல்லேர்ந்து கத்துக்கலாம்."

அவன் முதலிலிருந்து கற்றுக்கொண்டான். மாலை ஐந்து மணிக்கு, 'திருப்தி' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

"உன் கைய போட்டோ புடிச்சு அட்டையில போட்டு, உன் கைக்கே தப்பு போட்டாங்களா?" என்று அன்புச்செல்வி வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பினால்தானா என்று அவன் கேட்கவில்லை.

*

பங்குனியில் தேர்வு. புதுநன்மைக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். பெற்றோர் பின்னால் உட்காரலாம், பேசக் கூடாது. மேசைக்குப் பின்னால் பங்குத்தந்தை, மரியசூசை, பல பங்குகள் சேர்ந்த மறைவட்டத்திலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர். தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மூவொரு கடவுளைப் பத்திச் சொல்லு பார்ப்போம்."

ஜெசிந்தா சடையை முன்னால் எடுத்துப் போட்டுச் சொன்னாள். தடுமாறவில்லை.

தேர்வாளர் சிரித்தார். "கையேட்ட அப்படியே மனப்பாடம் பண்ணியிருக்க. அது வேணாம். உன் சொந்தமா சொல்லு."

"இது சொந்தந்தான் சார். எங்கப்பா சொன்னது."

"அப்பா கையேட்டப் படிச்சுச் சொல்லியிருப்பாரும்மா" என்றார் மரியசூசை, குனிந்தபடி.

"இல்ல பெரியப்பா. நீங்கதானே எங்க வீட்டுக்கு வந்து வீடியோ எடுத்தீங்க? டீ கூட குடிச்சீங்களே?"

பிலவேந்திரன் மரியசூசையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு வருடத்துக்கு மேல் பழகிய முகம். இப்போதாவது நிமிர்வார் என்று நினைத்தான். குழந்தை கேட்கிறாள். குழந்தைக்காகவாவது. மரியசூசை வருகைப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். மெதுவாகப் பக்கங்களைப் புரட்டினார். பிறகு அதைத் தேர்வாளர் பக்கமாகத் திருப்பி, ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

நான்கு வகுப்புகள். எல்லாவற்றிலும் நோய் என்று இருந்தது. வீட்டு வகுப்பு என்று எங்கும் இல்லை.

"என்ன நோய்மா உனக்கு?" என்றார் தேர்வாளர்.

ஜெசிந்தா உண்மையைச் சொன்னாள். "பௌர்ணமி சார்."

முடிவு மூன்றாம் நாள் கடிதமாக வந்தது. 'ஜெசிந்தா: தகுதி பெறவில்லை. காரணம் ஒன்று, பங்கேற்பின்மை. காரணம் இரண்டு, வருகைப் பதிவேட்டில் உண்மைக்கு மாறான தகவல். காரணம் மூன்று, விசுவாசத்தின் மூல ஆதாரம் குறித்துத் தெளிவின்மை.'

அன்று முழுக்க ஜெசிந்தா அழவில்லை. அதுதான் அவனைச் சங்கடப்படுத்தியது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் தப்பா சொல்லிட்டேனாப்பா?"

*

பங்குத்தந்தை அவனை அன்பாக வரவேற்று நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஜெசிந்தா அவன் பக்கத்தில் நின்றாள்.

"பாருங்க பிலவேந்திரன். வீடுதான் முதல் ஆலயம். நாங்களே அதைத்தான் சொல்றோம். ஆனா ஆலயம்னா ஒரு பங்குத்தந்தை வேணுமா வேணாமா? இல்லாட்டி அது வெறும் வீடு."

"புள்ள பொய் சொல்லலீங்க ஃபாதர்."

"யார் சொன்னா பொய்னு? அவ சொன்னது உண்மைதான். எனக்கே தெரியுமே, மரியசூசை வீடியோவக் காட்டித்தானே என்கிட்ட அனுமதி வாங்கினார்."

பிலவேந்திரன் நிமிர்ந்து பார்த்தான். இது அவனுக்குத் தெரியாது. பாவம், ஃபாதருக்கு விஷயம் தெரியாது, தெரிந்தால் சரிசெய்துவிடுவார் என்று நம்பித்தான் அவன் வந்திருந்தான்.

"ஆனா உண்மைக்கு ஒரு வரிசை இருக்கு" என்று பங்குத்தந்தை தொடர்ந்தார். "மேலேர்ந்து கீழ வரணும். கீழேர்ந்து மேல வந்தா, அதை முதல்ல மேல கொண்டுபோய் வச்சு, அப்புறமா கீழ இறக்கணும். நாங்க செய்தது அவ்வளவுதான். ஒரு லைன்மேன் சொன்னார்னு போட்டா மறைமாவட்டத்துல ஏத்துக்குவாங்களா? உங்க துறையிலயே பாருங்க. வீட்டுக்கு வீடு மின்சாரம் தயாரிச்சா என்ன ஆகும்?"

வீட்டுக்கு வீடு கூரையில் சோலார் போட்டுத் தயாரிக்கிறார்கள் என்று பிலவேந்திரனுக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

"புதுநன்மைக்கு வழி இல்லைங்களா ஃபாதர்? புள்ள ரெண்டு வருஷமா..."

"ஏன் இல்லாம? திருச்சபை இரக்கமுள்ள தாய்." அவர் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள்.

'என் மகளுக்கு நான் கற்பித்த முப்பிரி விளக்கம், திரு. மரியசூசை அவர்களின் கையேட்டிலிருந்து நான் கற்றுக்கொண்டதே என உறுதி கூறுகிறேன். கையேடு வெளிவரும் முன்பே நான் அதைக் கற்பித்திருந்தால், அதுவும் கையேட்டிலிருந்தே கற்பித்ததாகக் கருதப்பட வேண்டும்.'

பிலவேந்திரன் இரண்டு முறை படித்தான். "இன்னும் வராத புத்தகத்துலேர்ந்து எப்பிடிங்க ஃபாதர் படிக்கிறது?"

"விசுவாசம்னா அதுதானே?" என்றார் பங்குத்தந்தை.

ஜெசிந்தா எட்டிப் பார்த்து, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். அவள் படித்து முடிக்கும் முன் அவன் கையெழுத்துப் போட்டான்.

இரண்டு பேரும் சைக்கிள் நிறுத்தத்துக்கு வந்தார்கள். மலை வெயிலில் செந்நிறமாக நின்றது.

"அப்ப நீங்க சொன்னதில்லையாப்பா அது?"

"நான் சொன்னதுதான்."

"அதுல பெரியப்பா சொன்னதுன்னு போட்டுக்கீது?"

"யாரு சொன்னா என்னா கண்ணு? உனக்குப் புதுநன்மை வேணும்ல?" அவன் சைக்கிள் பூட்டைத் திறப்பதாகக் குனிந்துகொண்டான். "இனிமே யாரு கேட்டாலும், மரியசூசை சாரு கத்துக்குடுத்தாருன்னு சொல்லிடு. என்னா?"

"பொய்யாப்பா?"

"சொல்லு. அவ்ளோதான்."

அது இடது சடைக் கேள்விதான். தெரியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். பதில் சொல்ல முடியாத கேள்விக்கு அப்படிச் சொல்லாமல் போன முதல் முறை அது.

*

சித்திரைப் பௌர்ணமி முடிந்த மறு ஞாயிறு புதுநன்மை. பந்தல் போட்டிருந்தார்கள். ஜெசிந்தா வெள்ளை உடுப்பில், பூ முடியோடு, மெழுகுவர்த்தியைச் சாய்க்காமல் நடந்து போனாள். நாக்கை நீட்டி அப்பத்தை வாங்கிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருந்த அன்புச்செல்வி பெண்கள் வரிசையில் இருந்து எட்டிப் பார்த்தாள். அந்த ஒரு நிமிடம் பிலவேந்திரனுக்கு எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது. ஒரு கையெழுத்துதானே? போனால் போகிறது.

பூசை முடிந்ததும் பாராட்டு விழா. மரியசூசையின் கையேடு மறைமாவட்டத்தின் எல்லாப் பங்குகளுக்கும் ஏற்கப்பட்டிருந்தது. அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் ஏற்புரையில், இந்த எண்ணம் தமக்கு ஒரு விடியற்காலைச் செபத்தில் உதித்தது என்றார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அதில் நடிப்பே இல்லை என்பதைப் பிலவேந்திரன் கவனித்தான். அவர் இதற்குள் அதை நம்பத் தொடங்கியிருந்தார்.

பிறகு அந்தத் தேர்வாளர் எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தார்.

"இந்தப் பங்கில் ஒரு சிறுமி. தேர்வில் தடுமாறியவள். முறையான வழிகாட்டலால் இன்று தெளிவு பெற்றிருக்கிறாள் என்று அறிகிறேன். ஜெசிந்தா, இங்க வாம்மா."

அவள் மேடை ஏறினாள். ஒலிவாங்கியை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். அது ஒரு முறை கிறீச்சிட்டது.

"மூவொரு கடவுளைப் பத்தி உனக்குக் கத்துக்குடுத்தது யாரும்மா?"

ஜெசிந்தா கூட்டத்தில் தேடினாள். பின்வரிசையில் தூணோரமாக நின்ற அப்பாவைக் கண்டுபிடித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்க்கத் தொடங்கும் அளவுக்கு நேரம் போனது. மரியசூசை பொன்னாடையின் நுனியை விரலால் திருகினார்.

சொல் என்பது போலப் பிலவேந்திரன் தலையை ஆட்டினான்.

"மரியசூசை சார்" என்றாள் ஜெசிந்தா. பெரியப்பா என்று சொல்லவில்லை.

பந்தல் அதிர மகிமைத் தட்டல் எழுந்தது. பக்கத்தில் நின்றவர் முழங்கையால் இடித்ததும் பிலவேந்திரனும் கை தட்டினான். அவள் படி இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவனிடம் வந்து நின்றாள். பூ முடி கொஞ்சம் சரிந்திருந்தது. அவன் அதைச் சரிசெய்யக் கையை நீட்டினான். அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சரியா சொன்னேனாப்பா?"

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவன் குனிந்து அவள் காதருகே சொல்ல வேண்டியிருந்தது.

"சரியா சொன்ன கண்ணு."